ஆபேலுக்குப் பதிலாக

உபதேசியார் ஜேசுபாதம் வீட்டு நடைச் சுவரில் அந்தக் கயிறு இன்னும் தொங்கிக்கொண்டுதான் இருக்கிறது.

பதினோரு மாதமாகிவிட்டது. அதைக் கழற்றி எறிய அந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. மழை பெய்தால் அதிலிருந்து உப்பு வாடை கிளம்பி வீடு முழுக்கச் சுற்றும். அடுப்படிக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் போக அவர் மனைவி செல்லத்தாய் பழகியிருந்தாள். ஆனால் எங்கே பார்க்கக் கூடாது என்று தெரிந்து நடப்பவளுக்கு அது எப்போதும் கண்ணில்தானே இருக்கும்?

போன வருஷம் மாசியில் சங்கு குளிக்கப் போன இளைய மகன் வளன், ஏழு பாகம், நாற்பதடிக்கும் மேல் ஆழத்தில் மூச்சடைத்து இறந்தான். கல்யாணமாகி மூன்றே மாதம். கீழிருந்து அவன் அசைத்தால் உடனே இழுத்துத் தூக்க வள்ளத்தில் கயிறு பிடித்தவன் அவனுடைய சொந்த அண்ணன் பாஸ்கல்.

ஊர் வாயை மூட முடியாமல் போனது அதனால்தான். தூத்துக்குடிக் கடற்கரையில் கல்யாணமான குளியாளுக்குக் கயிறு பிடிப்பது மச்சான்தான், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அக்கா தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் தொங்குகிறது என்று அவன் கை ஒருபோதும் தூங்காது. அண்ணன் தம்பி கையில் கயிற்றைக் கொடுக்க மாட்டார்கள். வளனின் மச்சான் பர்னபாஸ் அன்றைக்கு ஆலந்தலையில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டான். ஒரு நாள்தானே என்று பாஸ்கல் உட்கார்ந்தான். அந்த ஒரு நாள் போதுமாயிருந்தது.

இன்னொரு சங்கதியும் ஊருக்குத் தெரியும். வளன் கட்டிய இசபெல்லாவை முதலில் பாஸ்கலுக்குத்தான் கேட்டார்கள். அந்தப் பெண்தான் இளையவனைக் காட்டி, கட்டினால் இவனைத்தான் கட்டுவேன் என்றாள்.

அந்தத் துக்க வீட்டில்தான், நாற்பத்து மூன்று வயதில், செல்லத்தாய் வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. தெருப் பெண்கள் சும்மா இருப்பார்களா? உபதேசியார் வீட்டில் ஜெபமாலை முடிந்த பிறகு என்னதான் நடக்கிறதோ என்று குழாயடியில் கேட்டுச் சிரித்தார்கள். செல்லத்தாய் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி வருவாள். மார்கழியில் ஆண் பிள்ளை பிறந்தது. இடப் புருவத்தின் நடுவில் ஒரு சின்ன வெட்டு. வளனுக்கும் அப்படித்தான் இருந்தது. பார்க்க வந்தவர்களெல்லாம் அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலு மணிக்கு அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம்.

ஒரு வாரமாகச் செல்லத்தாய்க்குத் தரையில் கால் பாவவில்லை. காரணம் பிள்ளை மட்டுமில்லை. வளனைப் புதைத்த நாளிலிருந்து பாஸ்கலோடு பேசாத புருஷன், போன ஞாயிறு அவனைக் கூப்பிட்டு, “நீதான்லே ஞானத்தகப்பன்” என்று சொல்லியிருந்தார். புது ஹார்பர் வேலைக்கென்று முத்தையாபுரத்தில் தனியாக அறை எடுத்துப் போய்விட்ட பிள்ளை, அதைக் கேட்டுத் தலையை ஆட்டினான். பேர் சேத் என்றார் அவர். அதற்கும் ஆட்டினான்.

“சேத்தா? எந்தப் புனிதரு? திருநாள் என்னைக்கு?” என்று செல்லத்தாய் கேட்டாள். அவள் மனதில் இன்னாசி என்று வைத்திருந்தாள்.

“வேதத்துல உள்ள பேரு” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். அப்பனும் மகனும் ஒரே இடத்தில் நின்று பேசியதே பெரிசு. பேர் என்ன வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

பதினோரு மணிக்கு நர்ஸ் ஜெயபாய் வந்தாள். பிள்ளையை எடுத்துப் போட்டவள் அவள்தான். நாசரேத்துப் பக்கம், இவர்களைப் போலக் கத்தோலிக்கம் இல்லை, சி.எஸ்.ஐ. குடும்பம். வேதாகமத்தை எங்கே திறந்தாலும் மீதியைப் பார்க்காமல் சொல்வாள். கையில் ஒரு பொட்டலம் பிஸ்கட்டும் குழந்தைக்கு ஒரு கம்பளித் தொப்பியும் கொண்டுவந்திருந்தாள். தூத்துக்குடி வெயிலில் கம்பளித் தொப்பி எதற்கு என்று அவளிடம் யார் கேட்பது?

“என்னக்கா, பேரு என்ன வச்சிருக்கிய?”

“சேத்தாம். அவிய இஷ்டம்.”

ஜெயபாய் இரண்டு கையையும் சேர்த்துத் தட்டினாள். “எவ்வளவு பொருத்தமான பேரு! உங்க ஆள்களுல யாரும் இந்தப் பேரு வைக்க மாட்டாங்களேக்கா! ஆபேல் போன பெறகு ஏவாளுக்கு ஆண்டவர் கொடுத்த பிள்ளைல்லா சேத்து. ஆபேலுக்குப் பதிலா வந்தவன். உங்க வளனுக்குப் பதிலா இவன் வந்த மாதிரி…”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். செல்லத்தாயின் முகத்தைப் பார்த்துத்தான் நிறுத்தினாள்.

ஆபேல் எப்படிப் போனான் என்று செல்லத்தாய்க்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காயினையும் ஆபேலையும் தெரியாத பிள்ளை அந்தக் கடற்கரையில் உண்டா? அண்ணன் கொடுத்த காணிக்கை ஏற்கப்படவில்லை. தம்பி கொடுத்தது ஏற்கப்பட்டது. அண்ணன் தம்பியை வயலுக்குக் கூட்டிப் போய்க் கொன்றான். அவ்வளவு தூரம் அவளுக்குத் தெரியும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இன்னொரு பிள்ளை பிறந்தது தெரியாது. கொலை நடந்த வீட்டில் அடுத்துப் பிறந்த பிள்ளைக்கு ஒரு பேர் இருந்தது தெரியாது.

“அந்தப் பேருக்கு அர்த்தம் அதானா நர்ஸம்மா?”

“வச்சவன், நியமிச்சவன்னு அர்த்தமாம், எங்க போதகர் சொல்லுவாரு. போனவன் இடத்துல கடவுள் வச்ச பிள்ளை. யக்கா, நான் ஏதோ சந்தோசத்துல வாய விட்டுட்டேன்…”

“பேரு வச்சது யாரு, ஆதாமா?”

“இல்லக்கா. ஏவாளுதான். காயின் கொன்ன ஆபேலுக்குப் பதிலா எனக்கு இன்னொரு பிள்ளையக் கடவுள் தந்தாருன்னு அவ வாயாலேயே சொல்லித்தான் வச்சா.”

செல்லத்தாய் பிள்ளையைத் தொட்டிலில் கிடத்தினாள். கொன்றவனும் செத்தவனும் தன் வயிற்றில் பிறந்தவர்கள்தான் என்று தெரிந்திருந்தும் அந்த ஏவாள் அதை எப்படித்தான் வாய் திறந்து சொன்னாளோ!

ஜெயபாய் போனதும் அவள் நேரே புருஷனிடம் போனாள். ஜேசுபாதம் கொல்லையில் கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அவரும் குளியாள்தான். ஆழத்தில் இடக் காது கிழிந்து, அந்தப் பக்கம் கேட்காமல் போனபிறகுதான் கடலை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். ஆகையால் அவரிடம் எதைச் சொன்னாலும் வலப்பக்கம் நின்றுதான் சொல்ல வேண்டும். செல்லத்தாய் வலப்பக்கம் போய் நின்றாள்.

“பெத்த பிள்ளையக் காயின்னு கோவில்ல வச்சு ஊருக்குச் சொல்லப் போறியளா?”

சவரக் கத்தி நின்றது. மறுக்கவில்லை அவர். அது ஒன்றுதான் அவரிடம் நல்ல குணம், மறுக்கத் தெரியாது.

“ஊருக்கு ஒண்ணும் தெரியாது. நம்ம ஆள்களுக்கு சேத்து யாருன்னு தெரியவா போவுது? அவனுக்குத் தெரியும். நாலாம் வகுப்புல நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஞானோபதேசத்துல மொதப் பரிசு வாங்குனவன்.”

“எதுக்கு இந்த வேல?”

“ஏளா, பதினோரு மாசமா நான் ஒறங்கல. அவன்கிட்ட கேக்கவும் முடியல. கேட்டா என்ன சொல்லிருவானோன்னு பயமா இருக்கு.” அவர் கத்தியைக் கழுவினார். தண்ணீர் சிந்தியது. “பங்குச் சாமி பேரு கேக்கும்போது ஞானத்தகப்பன்தான சொல்லணும்? பீடத்துக்கு முன்னால அவன் வாயால சொல்லட்டும். குத்தம் இருந்தா அந்தப் பேரு தொண்டையில நிக்கும். இல்லன்னா வந்துரும். வந்துட்டா நான் அவன் கால்ல விழுந்து மன்னிப்பு கேட்டுருவேன்.”

“வராட்டி?”

கண்ணாடியில் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செல்லத்தாய்க்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. அதைவிட அதிகமாகப் பயம் வந்தது. ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்தாயிற்று. இருக்கிற மூத்தவனை இன்று நாலு மணிக்குக் கோவிலில் வைத்து இழந்துவிடுவோமோ? சொல்லிவிடுவான், அவன் சுத்தமான பிள்ளை, ஒரு நொடியில் சொல்லிவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்லிப் பார்க்க வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மூன்று மணிக்குப் பாஸ்கல் வந்தான். வெள்ளைச் சட்டை, புதுச் செருப்பு. பிள்ளைக்கு ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கி வந்திருந்தான். நடையில் கயிற்றைக் கடக்கும்போது நின்று, அதைத் தொட்டுவிட்டு வந்தான். அந்த வீட்டில் அதைத் தொட்டவன் அவன் ஒருத்தன்தான்.

கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவனிடம் செல்லத்தாய் பிள்ளையோடு போனாள்.

“ஏலே, நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. சாமி பேரு கேட்டா இன்னாசின்னு சொல்லிரு. அப்பா என்ன வேணாச் சொல்லட்டும், நான் பாத்துக்கிடுதேன்.”

“எதுக்கும்மா? சேத்து நல்ல பேருதான.”

“அது என்ன பேருன்னு ஒனக்குத் தெரியுமாலே?”

“போன ஞாயித்துக்கிழமை அப்பா சொன்னப்பவே தெரியும்.”

அவன் வாளியைக் கீழே வைத்தான். முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் அவளைக் கலக்கியது.

“தெரிஞ்சுமா தலைய ஆட்டுன? அப்ப நீ ஒண்ணும் செய்யல. செஞ்சிருந்தா ஆட்டுவியா? எனக்குத் தெரியும்லே, நீ ஒண்ணும் செய்யல!”

“யம்மா, அன்னைக்கு அவன் ரெண்டு தடவ சும்மாவே கயித்த அசைச்சான். பதறிப்போய் இழுத்தா, வெறும் பையோட மேல வந்து சிரிக்கான். ‘அண்ணே, ஒனக்குக் கயிறு பிடிக்கத்தான் கை, தாலி கட்ட இல்ல’ன்னு சொல்லுதான். வள்ளத்துல எல்லாரும் சிரிச்சாங்க.”

செல்லத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். வளனுடைய குரலிலேயே அது அவள் காதில் விழுந்தது. அப்படித்தான் பேசுவான் அந்தப் பாவி. அப்படிப் பேசிப் பேசித்தான் எல்லாரையும் சிரிக்கவைப்பான்.

“மூணாவது தடவ கயிறு அசைஞ்சுது. கெடக்கட்டும், பத்து எண்ணிட்டு இழுப்போம்னு நெனச்சேன். எண்ணுனேன்.”

“பத்துதான எண்ணுன? பத்துல என்னலே ஆயிரும்? பத்துதான?”

பாஸ்கல் பிள்ளையின் புருவ வெட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“இருவது.”

பிள்ளை கொட்டாவி விட்டது. நடையிலிருந்து ஜேசுபாதம், “நேரமாச்சு, கெளம்புங்க” என்று குரல் கொடுத்தார்.

கோவிலுக்குப் போகிற வழியெல்லாம் செல்லத்தாய்க்கு எண்கள்தான் கேட்டன. ஒன்று, இரண்டு என்று யாரோ நிதானமாகத் தலைக்குள் எண்ணிக்கொண்டே வந்தார்கள். பதினொன்றுக்கு அப்புறம் அவளுக்கு மூச்சு முட்டியது. அந்த இருபதையும் வளன் அடியில் இருந்து எண்ணியிருப்பானா? பாஸ்கல் கொன்றான் என்று சொல்ல அவளால் முடியவில்லை. கொல்லவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒன்று மட்டும் முடிவு செய்துகொண்டாள். அவன் தடுமாறினால், தானே முந்திக்கொண்டு இன்னாசி என்று சொல்லிவிடுவது. பேர் வைத்தவள் ஏவாள்தானே!

மாதா கோவிலில் ஞானஸ்நானத் தொட்டியருகே நின்றார்கள். பாஸ்கல் பிள்ளையை ஏந்தியிருந்தான். ஜேசுபாதம் மகனுக்கு நேர் எதிரே நின்று, நல்ல காதை அவன் பக்கம் திருப்பிவைத்திருந்தார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாது அவருக்கு.

சாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கேட்டார். “இந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் இடுகிறீர்கள்?”

பாஸ்கல் பேசவில்லை.

எங்கோ ஒரு பெஞ்சில் யாரோ இருமினார்கள். ஜேசுபாதத்தின் கழுத்து நரம்பு புடைத்தது. சாமி நிமிர்ந்து பார்த்து, “பேரைச் சொல்லு தம்பி” என்றார். செல்லத்தாய் வாயைத் திறந்தாள். இன்னாசியின் முதல் எழுத்து நாக்கில் வந்துவிட்டது.

“சேத்” என்றான் பாஸ்கல்.

தெளிவாக, கணீரென்று, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். “சேத், சாமி.”

தண்ணீர் விழுந்தது. பிள்ளை வீறிட்டது. ஜேசுபாதம் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். வயசான காலத்துப் பிள்ளை, சந்தோஷம் தாங்கவில்லை மனுஷனுக்கு என்று சாமி நினைத்திருப்பார். ஜேசுபாதம் எழுந்து வந்து மகனைக் கட்டிக்கொண்டு, “என்ன மன்னிச்சிரு ராசா, என்ன மன்னிச்சிரு” என்றார். பாஸ்கல் அப்பாவின் தோளுக்கு மேலாக அம்மாவைப் பார்த்தான். செல்லத்தாய் பார்வையைத் திருப்பிக்கொண்டாள். பேர் தொண்டையில் நிற்கவில்லையே, வந்துவிட்டதே! அவர் வைத்த சோதனையில் பிள்ளை ஜெயித்துவிட்டான். அது பொய்யான சோதனை என்று அந்தக் கோவிலில் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

ஞானஸ்நானம் முடிந்தால் பெற்றவள் முன்னால் போய் வீட்டுக்குள் நின்றுகொள்ள வேண்டும். ஞானத்தகப்பன் பிள்ளையை வாசலில் வைத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். அதற்கென்று ஒரு சொல் உண்டு. பாஸ்கல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று அதைச் சொன்னான்.

“அஞ்ஞானியா வாங்கிட்டுப் போனேன். கிறிஸ்தவனாத் தாரேன், வாங்கிக்கம்மா.”

அவள் வாங்கிக்கொண்டாள்.

ஜேசுபாதம் தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கற்கண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு மாதமாகச் சிரிக்காத முகம், இன்று பார்க்கவே வேறு ஆளாக இருந்தது. அவரைப் பார்க்கச் செல்லத்தாய்க்குப் பாவமாக இருந்தது.

“யப்பா” என்றான் பாஸ்கல். “நாளைக்கு நான் சங்கு குளிக்கப் போறேன். பர்னபாஸ் வள்ளத்துல எடம் கேட்டுட்டேன்.”

“ஒனக்கு எதுக்குலே அந்தத் தொழிலு? ஹார்பர் வேல இருக்குல்லா?”

“ஒரு நாளுதான். வளன் குளிச்ச எடத்துல ஒரு தடவ எறங்கிட்டு வந்துருதேன். எனக்கு மச்சான் கெடையாது. கயிறு நீங்க பிடிங்க.”

ஜேசுபாதத்தின் கண் திரும்பவும் கலங்கிவிட்டது. “நான் பிடிக்காம யாருலே பிடிப்பா? ஏ ராசா, என் பிள்ளைக்கு நான் பிடிக்கேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, ஆணியிலிருந்து அந்தக் கயிற்றை எடுத்தார். தூசியைத் தட்டினார். இரண்டு கையிலும் சுற்றி, வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார்.

“நல்லா உறுதியாத்தான் இருக்கு” என்றார்.

பாஸ்கல் வாசலிலேயே நின்றான். உள்ளே வரவில்லை. அவன் முகத்தில் அப்போதுதான் செல்லத்தாய் ஒரு நிம்மதியைப் பார்த்தாள். பார்த்த உடனே அவளுக்கு எல்லாம் புரிந்துபோயிற்று. கயிறு அசைந்தால் அப்பா இழுப்பார், ஒரு நொடி தாமதிக்க மாட்டார். ஆனால் கீழே இருக்கிறவன் அசைக்க வேண்டுமே. இவன் அசைக்கப் போவதில்லை.

தடுப்பதென்றால் ஒரே வழிதான். அந்த இருபதைப் புருஷனிடம் சொல்ல வேண்டும். சொன்னால் இந்த வீட்டில் காயின் யார் என்று முடிவாகிவிடும், அப்பனுக்கு மகன் இல்லாமல் போய்விடும். சொல்லாவிட்டால் நாளை பொழுது சாய்வதற்குள் அவளுக்கே மகன் இல்லாமல் போய்விடும்.

“நாளைக்கு வேண்டாம்ங்க” என்றாள்.

ஜேசுபாதம் திரும்பவில்லை. அவள் நின்றிருந்தது இடப்பக்கம்.

பிள்ளை சிணுங்கியது. நாற்பது நாளாக அதைக் கூப்பிடும்போதெல்லாம் வளன் என்றே வாயில் வந்துகொண்டிருந்தது. இன்றைக்குத்தான் முதல் தடவையாக அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

“சேத்து, அழாதய்யா. நீ ஒருத்தனுக்குப் பதிலாத்தான் வந்த. இன்னொருத்தனுக்குப் பதில் தர அம்மாகிட்ட ஒண்ணும் இல்லய்யா.”

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த புருஷனைச் சுற்றி வந்து, அவருடைய வலப்பக்கம் நின்றாள்.